ஆறாவது செல்

படுக்கையும் அடுப்புமாக ஊர் சுற்றுகிற கேரவன் வண்டி ஒன்று வாங்குவது என்று முடிவானதும் டிரைவர் முதலில் குனிந்து பார்த்தது என்ஜினை. அவர் மனைவி பார்த்தது பேட்டரி வைக்கிற பெட்டியை. காலமெல்லாம் தொலைதூர பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவருக்கு என்ஜின் மேல் ஆசை இருப்பது நியாயம். அவளோ பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸுகளுக்கெல்லாம் தலைவியான மேட்ரனாக இருந்து வார்டுகளை ஆட்டிப் படைத்தவள். ஓய்வு பெற்ற பிறகும் தெரிந்தவர்கள் எல்லாரும், கட்டிய புருஷன் உட்பட, அவளை மேட்ரன் என்றுதான் கூப்பிட்டார்கள். கவனித்துக்கொள்ள அவளுக்கு எப்போதும் ஏதாவது ஒன்று வேண்டும். பிள்ளை குட்டி இல்லை. புருஷன் எதைச் சொன்னாலும் "சரிங்க மேட்ரன்" என்று தலையாட்டிவிட்டுத் தன் பாட்டுக்குப் போகிற ஆசாமி. அவரைத் திருத்தித் திருத்தி அவளுக்கே அலுத்துப்போயிருந்தது.

பேட்டரிக் கடைக்காரர் பொறுமையாக விளக்கினார். வண்டியைக் கிளப்புகிற பேட்டரி வேறு, வண்டிக்குள் குடித்தனம் நடத்துகிற பேட்டரி வேறு. முன்னது ஓங்கி ஒரு உதை விட்டுவிட்டு ஓய்ந்துவிடும். பின்னதற்கு டீப் சைக்கிள் என்று பெயர். தடித்த பிளேட்டுகள், விளக்குக்கும் ஃபிரிட்ஜுக்கும் விடிய விடிய நிதானமாகக் கொடுத்துக்கொண்டே இருக்கும். சார்ஜைப் பாதிக்குக் கீழே இறங்க விடக் கூடாது, அவ்வளவுதான். அதிலும் இரண்டு ரகம். ஒன்று சீல் வைத்தது, தண்ணீரே ஊற்ற வேண்டாம். இன்னொன்று, மூடியைத் திறந்து பார்த்து, குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டியது. டிரைவர் சீல் வைத்ததன் பக்கம் கையை நீட்டினார். மேட்ரன் அந்தக் கையைக் கீழே இறக்கினாள். திறந்து பார்க்க முடியாத ஒன்றை எப்படி நம்புவது என்று கேட்டாள். மூடி திறக்கிற ரகத்திலேயே ஆகப் பெரிய அளவில் இரண்டு எடுத்தாள். பெட்டியின் நீளம் என்ன என்று கடைக்காரர் கேட்டதற்கு, அதெல்லாம் போகும் என்றாள்.

போகத்தான் செய்தது, டிரைவர் பெட்டியின் ஒரு பக்கப் பலகையை அறுத்து எடுத்த பிறகு. சாப்பாட்டு மேஜையை ஒட்டிய பெஞ்சுக்கு அடியில் முதல் பேட்டரி ஒழுங்காக உட்கார்ந்தது. இரண்டாவதன் வால் பக்கம் பெஞ்சைத் தாங்குகிற இரும்புச் சட்டத்துக்குக் கீழே நுழைந்துகொண்டது. அந்த பேட்டரிக்குள் ஆறு அறைகள், ஆறு செல்கள்; செல்லுக்கு ஒன்றாக இருந்த ஆறு மூடிகளில் ஐந்து வெளியே தெரியும். ஆறாவதைப் பார்க்க வேண்டுமென்றால் வயர்களைக் கழற்றி பேட்டரியையே வெளியே இழுக்க வேண்டும். டிரைவர் தலையைச் சொறிந்தார். மாதம் ஒரு தடவை இழுப்பதில் என்ன கஷ்டம், உடம்புக்கு நல்லதுதானே என்று மேட்ரன் சொல்லிவிட்டாள்.

அவள் பேட்டரி பார்க்கிற அழகைப் பக்கத்து வண்டிக்காரர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு ரப்பர் கையுறை, கழுத்துவரை பட்டன் போட்ட பழைய கோட்டு. முதலில் முழு சார்ஜ், அப்புறம்தான் தண்ணீர். ஹைட்ரோமீட்டரின் ரப்பர் குமிழை அமுக்கி, ஒவ்வொரு செல்லிலிருந்தும் கொஞ்சம் ஆசிட்டை உறிஞ்சி, உள்ளே மிதவை எவ்வளவு எழும்புகிறது என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். நோயாளிக்குக் காய்ச்சல் பார்க்கிற அதே முகம். ஒருமுறை பக்கத்து வண்டிக்காரர் ஒருவர் சார்ஜ் ஆவதற்கு முன்பே தண்ணீரை நிரப்பி, ஆசிட் பொங்கி வழிந்து தரைவிரிப்பை ஓட்டையாக்கிக்கொண்டார். மேட்ரன் அவரை நிற்க வைத்துக் கேட்ட கேள்வியில் அந்த மனுஷன் அன்றைக்கே இடத்தைக் காலி செய்துவிட்டார். கரண்ட் இணைப்பு தருகிற முகாம்கள் வழியெங்கும் உண்டு. அங்கே மட்டும் அவள் நிறுத்த விடமாட்டாள். கரண்ட் கம்பத்தில் ஒட்டிக்கொண்டு நிற்பதற்கு வீட்டிலேயே இருந்திருக்கலாமே என்பாள்.

இந்தக் குடும்பத்தில் அவளுக்கு ஈடுகொடுக்கிற ஒரே ஆள் டிரைவரின் அக்கா. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள் என்பதால் அவளுக்கு டெலிபோன் அக்கா என்று பெயர். ஊர் நம்பர் அத்தனையும் அவள் தலைக்குள் இருந்தது. இப்போதும் கைபேசியில் ஒரு நம்பரைக்கூடச் சேமித்து வைக்க மாட்டாள். அது தன் தலைக்கு அவமானம் என்பாள். புருஷன் போன பிறகு இரண்டாவது மாடியில் தன் சொந்த வீட்டில் தனியாக இருந்தாள். தன்னோடு வந்துவிடச் சொல்லி மகள் கூப்பிடாத மாதம் இல்லை. "என் வீட்டு சாவி எங்க இருக்குன்னு எனக்குத் தெரியற வரைக்கும் நான் எங்கயும் வரமாட்டேன்" என்பது அவள் வழக்கமான பதில். அதற்குப் பின்னால் ஒரு பயம் இருந்தது. அவளையும் டிரைவரையும் பெற்றவளுக்குக் கடைசிக் காலத்தில் எல்லாம் மறந்துபோயிற்று. அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு மறந்ததில் ஆரம்பித்து, பெற்ற பிள்ளைகளை யார் என்று கேட்டதில் முடிந்தது. அதை அருகிலிருந்து பார்த்தவள் அக்கா.

மகளைப் பார்த்துவிட்டு வர அக்கா ரயிலில் கிளம்பத்தான் இருந்தாள். தம்பிதான் கேரவனில் போகலாம் என்று ஆசை காட்டினார். மேட்ரனுக்கு ஒரே ஒரு கவலை. அக்காவுக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும். அதற்காக டாக்டர் ஒரு மெஷின் கொடுத்திருந்தார். மூக்கில் முகமூடி, அதிலிருந்து நீளமான குழாய். அக்கா அதைத் தன் தும்பிக்கை என்று சொல்லிச் சிரிப்பாள். மெஷின் கொஞ்சமாகத்தான் கரண்ட் குடிக்கும். காற்றை ஈரமாக்க அதிலேயே ஒரு சின்ன ஹீட்டர் உண்டு, அதுதான் ஆளை விழுங்கும். மெஷின் போட்டுக்கொள்ளலாம், ஹீட்டர் கூடாது என்று மேட்ரன் நிபந்தனை வைத்தாள். அக்கா அவள் கண்ணெதிரே ஹீட்டர் குமிழைப் பூஜ்யத்துக்குத் திருகி, போதுமா என்று கேட்டாள்.

கடலோரமாகப் போனார்கள். அக்கா முன் சீட்டில் உட்கார்ந்து தம்பியின் வண்டி ஓட்டும் லட்சணத்தைக் கிண்டல் செய்துகொண்டே வந்தாள். மேட்ரனுக்கே சிரிப்பு வந்தது. அப்புறம் ஒரு நாள் காலையில் மேட்ரன் எழுந்து சுவரில் இருக்கும் மீட்டரைப் பார்த்தபோது அது பன்னிரண்டு வோல்ட்டுக்கும் கீழே, அதாவது பாதி சார்ஜுக்கும் கீழே கிடந்தது. பகலெல்லாம் வண்டி ஓடியதில் சார்ஜ் ஏறி, முந்தின மாலை முழுசாக இருந்தது. ஃபிரிட்ஜ் நின்றுபோயிருந்தது, பால் கெட்டிருந்தது. அன்றைக்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளும் அதேபோல் ஆனதும், அக்கா காப்பி குடிக்கும்போது ராத்திரி ஹீட்டர் போட்டீர்களா என்று கேட்டாள். இல்லையே, நிறுத்திவிட்டுத்தான் படுத்தேன் என்றாள் அக்கா.

"நிறுத்தினதா நெனச்சிருப்பீங்க அண்ணி," என்றாள் மேட்ரன்.

கோபமாகச் சொல்லியிருந்தால் அக்கா பதிலுக்கு இரண்டு வார்த்தை கொடுத்திருப்பாள், சண்டை போட்டுத் தீர்ந்திருக்கும். மேட்ரன் அதை ஆஸ்பத்திரிக் குரலில் சொன்னாள். நோயாளியின் கையைத் தட்டிக்கொண்டே பேசுகிற, மறுக்க இடம் தராத குரல். தூக்கக் கலக்கத்தில் கை தானாகப் போயிருக்கும், வயசாகிவிட்டால் நடப்பதுதான், இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை என்று ஆறுதல் வேறு. கதையைச் சொல்லிக்கொண்டு வருகையில் இந்த இடம் வரும்போதெல்லாம் எனக்கு அவள் மேல் பற்றிக்கொண்டு வருகிறது. அக்கா கையில் கோப்பையை வைத்துக்கொண்டு அந்தக் குமிழையே பார்த்தாள். அது பூஜ்யத்தில்தான் இருந்தது. காலையில் எழுந்ததும் நிறுத்தியிருப்பீர்கள் என்று மேட்ரன் அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தாள். டிரைவர் வண்டியின் முன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அன்று இரவிலிருந்து அக்கா மெஷினைத் தொடவில்லை. முன் சீட்டைச் சாய்த்து, உட்கார்ந்தபடியே தூங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள். படுத்தால்தானே மூச்சு அடைக்கும், உட்கார்ந்தால் சமாளிக்கலாம் என்றாள். மேட்ரன் தடுக்கவில்லை. காலையில் மீட்டர் பழையபடி மோசமாக இல்லை. பார்த்தீர்களா என்று புருஷனிடம் கண்ணாலேயே சொன்னாள்.

தூக்கம் போனால் ஆள் என்ன ஆவாள் என்பதை மேட்ரனுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. இருந்தும் அவள் கண்ணில் பட்டதெல்லாம் அவள் சொன்னதற்குச் சாட்சியாகவே பட்டது. அக்கா தலைவலியோடு எழுந்தாள். பேசிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகியது. கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு வண்டி முழுக்கத் தேடினாள். ஒருநாள் கேஸ் அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டாள். பாத்திரம் கருகிய வாசனை வந்து மேட்ரன் ஓடிப்போய் அணைத்தாள். திரும்பிப் பார்த்தால் அக்கா வாசல்படியில் நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தில் இருந்தது பயம். அதற்கப்புறம் அவள் தம்பியைக் கிண்டல் செய்வது நின்றுபோயிற்று. ஜன்னல் பக்கம் பார்த்தபடி உதட்டை அசைத்துக்கொண்டே வருவாள். என்ன என்று டிரைவர் கேட்டதற்கு, பழைய நம்பர்களைச் சொல்லிப் பார்க்கிறேன், சிலது வருகிறது, சிலது வரவில்லை என்றாள்.

மகள் ஊருக்குப் போய்ச் சேருவதற்கு முந்தின நாள் சாப்பிடும்போது அக்கா பேச்சை எடுத்தாள். அடுப்பை மறக்கிறவள் தனியாக இருக்கக் கூடாது, பாப்பாவோடேயே தங்கிவிடப் போகிறேன், வீட்டை யாருக்காவது வாடகைக்கு விட்டுவிட வேண்டியதுதான் என்றாள். டிரைவர் பிசைந்த சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டார். பாப்பா பாப்பா என்று எல்லாரும் கூப்பிடும் அந்த மகளே இரண்டு பிள்ளைகளோடு ஒண்டியிருக்கிற சின்ன வீடு அது. அக்காவுக்கு அங்கே ஹாலில் ஒரு கட்டில்தான் கிடைக்கும்.

"நல்ல முடிவு அண்ணி," என்றாள் மேட்ரன். "இந்த மாதிரி விஷயத்துல தள்ளிப்போடக் கூடாது."

மறுநாள் காலையில் மீட்டர் மறுபடியும் பன்னிரண்டுக்குக் கீழே கிடந்தது. மெஷின் ஓடவில்லை. ஹீட்டர் ஓடவில்லை. அக்கா எந்த ஸ்விட்ச் பக்கமும் போகவே இல்லை. அக்காவும் டிரைவரும் கடற்கரையில் கொஞ்சம் நடந்துவிட்டு வரப் போயிருந்தார்கள். மேட்ரன் பெஞ்சுப் பலகையைத் தூக்கினாள். கையை வைத்ததும் இரண்டாவது பேட்டரியின் வால் பக்கம் மட்டும் சுட்டது. கண்ணாடி, கையுறை, கோட்டு எல்லாம் போட்டுக்கொண்டு, வயர்களைக் கழற்றி, மூச்சு வாங்க வாங்க அதை வெளியே இழுத்து ரப்பர் விரிப்பில் வைத்தாள். ஆறாவது மூடியின் மேல் தூசி கெட்டித்துப்போயிருந்தது. திருகினால் அசையவில்லை. துணியைச் சுற்றித் திருகி எடுத்து டார்ச் அடித்துப் பார்த்தாள்.

உள்ளே ஒரு சொட்டு இல்லை. பிளேட்டுகள் வெளுத்து, வளைந்து, ஒன்றையொன்று தொட்டு, உப்புப் பூத்து நின்றன. அந்த ஒரு செல் செத்து, அது இருந்த பேட்டரியைச் சாகடித்து, பக்கத்தில் நல்லபடியாக இருந்த இன்னொரு பேட்டரியின் சார்ஜையும் இரவில் உறிஞ்சிக்கொண்டிருந்தது.

அவள் அந்த மூடியைத் திறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. தோள்பட்டையில் வலி வந்தபோது ஒரு மாதம் விட்டாள். அடுத்த மாதம் ஐந்தும் நன்றாக இருக்கிறதே, ஆறாவது மட்டும் தனியாகக் கோபித்துக்கொண்டா போகப் போகிறது என்று விட்டாள். அப்புறம் அப்படி ஒன்று இருப்பதே நினைவில் இல்லை. புருஷன் கேட்கும்போதெல்லாம் எல்லாம் பார்த்தாச்சு என்பாள். பொய் சொல்கிறோம் என்றுகூட அவளுக்குத் தோன்றியதில்லை. வார்டில் கடைசிக் கட்டில்வரை நடக்காமலே காய்ச்சல் எவ்வளவு என்று எழுதிய ஒரு நர்ஸை அவள் எல்லார் முன்னாலும் அழ வைத்திருக்கிறாள். அந்தப் பெண்ணின் முகம் இப்போது வந்து நின்றது. மேட்ரனுக்குக் காதுமடல் வரை எரிந்தது. யாரும் பார்க்காத இடத்தில் இவ்வளவு வெட்கம் வரும் என்று அவளுக்குத் தெரியாது.

முதலில் அவள் செய்த காரியம் இன்னும் வெட்கக்கேடு. டிஸ்டில்டு வாட்டர் கேனை எடுத்து அந்த செல்லில் ஊற்றினாள். செத்ததற்குத் தண்ணீர் ஊற்றி என்ன பிரயோஜனம்? ஊற்றிவிட்டால் பார்க்கிறவர்களுக்கு ஈரமாகத் தெரியும், அதுதான் பிரயோஜனம். மூடியைத் துடைத்துத் திருகிவிட்டாள்.

டிரைவர்தான் முதலில் திரும்பி வந்தார். அக்கா மெதுவாகப் பின்னால் வந்துகொண்டிருந்தாள். வெளியே கிடக்கும் பேட்டரியைப் பார்த்து, போய்விட்டதா என்று கேட்டார். மேட்ரன் தலையாட்டினாள். அவர் பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அக்காகிட்ட சொல்லாதே. அன்னிக்கு ஹீட்டர் போட்டு தன்னாலதான் பேட்டரி போச்சுன்னு மனசு உடைஞ்சு போயிடுவா. பழசாயிடுச்சுன்னு சொல்லிக்கலாம். நீயும் எவ்வளவோ பொறுத்துக்கிட்டே, எனக்குத் தெரியும்."

சொல்லிவிட்டு அவள் தோளைத் தட்டிக் கொடுத்தார். வலிக்கிற தோள். சும்மா இருந்தால் போதும். புதுசு ஒன்று வாங்கிப் போட்டால் கதை முடிந்தது. அக்காவைக் காப்பாற்றிய பெருமைகூட அவள் கணக்கில் சேர்ந்துவிடும்.

அக்கா வந்து படியில் கையை ஊன்றி நின்றாள். கைபேசி இன்னொரு கையில். வீட்டுக்கு ஆள் பார்க்கச் சொல்லி இப்போதே பாப்பாவிடம் சொல்லிவிடலாம் என்று பார்த்தாளாம். சிரிக்க முயற்சி செய்தாள்.

"பாப்பா நம்பர்ல கடைசி ரெண்டு வரமாட்டேங்குது தம்பி. கொஞ்சம் போட்டுக் குடேன்."

டிரைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கைபேசியை வாங்கினார். எக்ஸ்சேஞ்சில் அத்தனை வருஷம் உட்கார்ந்தவள், பெற்ற மகள் நம்பருக்குக் கையேந்தி நின்றாள். மேட்ரன் பேட்டரி முன்னால் மண்டியிட்ட இடத்திலிருந்து எழுந்திருக்கவில்லை. எழுந்தால் சொல்ல வராது என்று நினைத்தாள்.

"போடாதீங்க," என்றாள் புருஷனிடம். அப்புறம் அக்கா பக்கம் திரும்பினாள். "அண்ணி, நீங்க ஹீட்டர் போடவே இல்ல. இந்த பேட்டரியில ஒரு செல் காஞ்சு செத்துக் கிடக்கு. நான் பாக்கல. ரெண்டு வருஷமா பாக்காமலே பாத்தேன்னு சொல்லிட்டு இருந்திருக்கேன். எல்லாம் அதனாலதான்."

மேட்ரன் திட்டுக்குக் காத்திருந்தாள். அக்கா திட்டினால் தேவலை, டிரைவர் கத்தினால் இன்னும் தேவலை. அக்கா பேட்டரியைப் பார்க்கவே இல்லை.

"அப்ப நான் நிறுத்திட்டுத்தான் படுத்தேனா?"

"ஆமா அண்ணி."

"ரெண்டு நாளும்?"

"ரெண்டு நாளும்."

அக்கா படியில் உட்கார்ந்தாள். சின்னக் குரலில் கேட்டாள். "எனக்கு அம்மா மாதிரி ஆகலையா?"

"இல்ல. மெஷின் இல்லாம தூக்கம் கெட்டுப்போச்சு. அடுப்பு, கண்ணாடி, நம்பர் எல்லாம் அதனாலதான். அது எனக்குத் தெரியும் அண்ணி. நர்ஸ் வேலை பாத்தவளுக்குத் தெரியாதா? தெரிஞ்சும் உங்களை அப்படி நினைக்க வெச்சேன்."

அக்கா அழுதாள். தேம்பித் தேம்பி, சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள். நடுவில் சிரித்தாள். ஒவ்வொரு ராத்திரியும் அந்த சீட்டில் மூச்சுக்கு ஏங்கியதைவிட, அடுத்து எதை மறப்பேனோ, தம்பி முகத்தையா பாப்பா பேரையா என்று நினைத்து நினைத்துத்தான் கண்ணை மூடாமல் கிடந்தேன் என்றாள். எழுந்து வந்து மேட்ரனின் கையைப் பிடிக்கப் போனாள். ஆசிட், தொடாதீர்கள் என்று மேட்ரன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். அக்கா விடவில்லை, குனிந்து அவள் தலையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"நீ சொன்னியே, அது போதும். நல்லா இருப்பே. எனக்கு உயிர் வந்த மாதிரி இருக்கு."

நன்றி சொல்கிறாள். தன்னை இந்தப் பாடு படுத்தியவளுக்கு நன்றி சொல்கிறாள். கோட்டுக்குள் மேட்ரனுக்கு வேர்த்துக் கொட்டியது. அக்காவின் தோளுக்கு மேல் புருஷனைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பேட்டரியைத் தானே தூக்கி ஓரமாக வைத்தார். கரண்ட் உள்ள முகாம் ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது, அங்கே போகிறோம் என்றார். போகலாமா என்று கேட்கவில்லை. மேட்ரன் என்றும் கூப்பிடவில்லை.

முகாமில் கம்பத்தில் வயரைச் சொருகியதும் அக்கா பட்டப்பகலிலேயே முகமூடியை மாட்டிக்கொண்டு படுத்தாள். அன்றைக்கு ஹீட்டரையும் மேட்ரனே போட்டுவிட்டாள். சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள், மறுபடியும் கழுவினாள், வந்து எதிர் பெஞ்சில் உட்கார்ந்தாள். மூச்சு சீராக வந்து போய்க்கொண்டிருந்தது. இதே கம்பம் முதல் நாளிலிருந்தே வழியெங்கும் நின்றுகொண்டிருந்ததை நினைத்தபோது, அந்தச் சீரான மூச்சைக் கேட்கக்கூட அவளுக்குக் கூசியது. ஆனாலும் எழுந்து போகவில்லை.

சாயங்காலம் அக்கா எழுந்து, முகம் கழுவி, கைபேசியை எடுத்து, தட்டுத் தடங்கல் இல்லாமல் நம்பரைப் போட்டாள். மகளிடம் சும்மா பேசலாம் என்று கூப்பிட்டேன் என்றாள். வீட்டைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. பார்த்துவிட்டுப் போகத்தான் வருகிறேன், என் வீட்டைப் பூட்டிக்கொண்டுதான் வந்திருக்கிறேன், சாவி என் பையில் இருக்கிறது என்று சொல்லிச் சிரித்தாள். அப்புறம் பிரயாணம் எப்படி என்று மகள் கேட்டிருக்க வேண்டும்.

"எனக்கு என்ன குறை? உன் அத்தை என்னைக் கண்ணுல வெச்சுப் பாத்துக்கறா," என்றாள் அக்கா. "இரு, அவகிட்டயே பேசு."

கைபேசியை மேட்ரன் பக்கம் நீட்டினாள். டிரைவர் ஸ்டியரிங் பக்கமிருந்து திரும்பிப் பார்த்தார். மேட்ரன் இரண்டு கைகளையும் மடிக்குள் மறைத்துக்கொண்டாள்.

"கையில ஆசிட் இருக்கு அண்ணி, அப்புறம் பேசறேன்," என்றாள்.

கையைக் கழுவி வெகுநேரம் ஆகியிருந்தது.